கதவு திறந்திருந்த இரவு

2002 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5 ஆம் திகதி சனிக்கிழமை இரவு பாரிஸ் மாநகரில் ஒரு புதுமையான விழா நடைபெற்றது. மாலை தொடங்கி மறுநாள் விடியும்வரை நூதனசாலைகளும் ஓவியக் கூடங்களும் வேறு பல பொதுக் கட்டிடங்களும் கட்டணமின்றி மக்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்தன. வீதிகளிலும் சதுக்கங்களிலும் ஒளியாலான கலைப்படைப்புகள் நிறுவப்பட்டிருந்தன. விழாவின் பெயர் 'நுயி பிளான்ஷ்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வெள்ளை இரவு' என்று பொருள். பிரெஞ்சுக்காரரின் பேச்சு வழக்கில் கண்ணுறங்காமல் கழித்த இரவை அது குறிக்கும். நமது வழக்கில் சொல்வதானால் சிவராத்திரி.

அன்றைய மாநகர முதல்வர் பெர்த்ரான் தெலனோ. நகரத்திலுள்ள நிறுவனங்களின் கதவுகளை இரவில் திறக்கச் செய்த அவர், தமது அலுவலகம் அமைந்திருந்த நகர மண்டபத்தின் கதவையும் திறந்துவிட்டார். சாதாரண நாட்களில் காவலாளிகளைக் கடந்து உள்ளே போக முடியாத அலங்கார மண்டபங்களில் அன்றிரவு பொதுமக்கள் நடமாடினர். அதிகாலை இரண்டரை மணியளவில், அந்த மண்டபத்தினுள்ளே மக்கள் நடுவே நின்றிருந்த முதல்வரை ஒருவன் கத்தியால் குத்தினான். அரசியல்வாதிகளையும் தன்பாலீர்ப்பாளர்களையும் தனக்குப் பிடிக்காது என்று பின்னர் அவன் கூறினான். தெலனோ தமது தன்பாலீர்ப்பை மறைக்காத அரசியல்வாதி. படுகாயமடைந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் விடுத்த வேண்டுகோள், விழாவை நிறுத்தவேண்டாம், விடியும்வரை நடக்கட்டும் என்பதே.

விழா நடந்தது. அடுத்த ஆண்டும் நடந்தது. தெலனோ உயிர் தப்பி மீண்டும் பதவிக்கு வந்து 2014 வரை முதல்வராக இருந்தார். ஒக்டோபரில் நடந்துவந்த விழா 2023 முதல் ஜூன் மாதத்துக்கு மாற்றப்பட்டதே தவிர நின்றுவிடவில்லை. ஒரு மாநகர முதல்வர் தமது மண்டபத்தில் வைத்தே குத்தப்பட்ட பின்னர் அந்த மண்டபத்தின் கதவை என்றென்றைக்குமாகப் பூட்டியிருந்தால் அவரை யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல்லைச் சொன்னால் எதையும் மூடிவிடலாம் என்பதை இலங்கையில் பிறந்த எவருக்கும் விளக்கவேண்டிய அவசியமில்லை. பாரிஸ் மாநகர சபை அப்படிச் செய்யவில்லை. இவ்வகை விழாக்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வண்ண விளக்குகளைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். எனக்கோ அந்தக் கதவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

விதை விழுந்த இடம்

இரவில் கலைவிழா என்ற எண்ணம் பாரிஸில் பிறந்ததன்று. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி 1989 இலேயே 'கலைகளின் இரவு' என்ற விழாவைத் தொடங்கிவிட்டது. பெர்லின் நகரம் 1997 இல் 'நூதனசாலைகளின் நீண்ட இரவு' என்பதை ஆரம்பித்தது. ஒரே நுழைவுச்சீட்டுடன் பல நூதனசாலைகளுக்கும் நள்ளிரவு தாண்டியும் போய்வரலாம். அதனைப் பின்பற்றி ஐரோப்பாவின் பல நகரங்கள் இன்று அத்தகைய இரவுகளை நடத்துகின்றன.

ஆனால் பாரிஸ் விழாவின் நேரடியான தாய் என்று சொல்லத்தக்கது பிரான்ஸின் மேற்குக் கரையை அண்டிய நாந்த் நகரம். கப்பல் கட்டுவதை வாழ்வாகக் கொண்டிருந்த அந்நகரின் கடைசிப் பெரிய கப்பல் கட்டுந்தளம் 1987 இல் மூடப்பட்டது. தொழிலாளர் வேலை இழந்தனர். ஆற்றங்கரைப் பட்டறைகள் துருவேறிக் கிடந்தன. அந்தச் சூழ்நிலையில் ழான் பிளேஸ் என்ற கலை அமைப்பாளர் 1990 இல் ஒரு விழாவைத் தொடங்கினார். ஆண்டுதோறும் ஒரு வெளிநாட்டு நகரத்தின் கலைஞர்களை அழைத்து, ஆறு இரவுகள், மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணிவரை, கைவிடப்பட்ட தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் நிகழ்ச்சிகளை நடத்தினார். 1995 வரை அது நீடித்தது. விழாவுக்குப் பயன்பட்ட பழைய பிஸ்கட் தொழிற்சாலை ஒன்று பின்னர் 2000 ஆம் ஆண்டில் நிரந்தரக் கலை நிலையமாக மாறியது. பாரிஸின் முதலாவது வெள்ளை இரவை வடிவமைக்கும் பொறுப்பு இதே ழான் பிளேஸிடம்தான் ஒப்படைக்கப்பட்டது.

இதை நான் இங்கு எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வாறான விழாக்கள் பணம் மிகுந்த நகரங்களின் ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மவரிடையே இருக்கிறது. நாந்த் நகரம் அதைத் தொடங்கியபோது அதன் கையிலிருந்தவை வேலையிழந்த மக்களும் வெறுமையான கட்டிடங்களுமே. பாழடைந்த கட்டிடங்களுக்கு யாழ்ப்பாணத்திலும் பஞ்சமில்லை.

ஒளி விழாக்களுக்கு இன்னும் பழைய வேர் ஒன்று லியோன் நகரில் இருக்கிறது. 1852 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் திகதி அந்நகரின் ஃபூர்வியேர் குன்றின்மீது கன்னி மரியாளின் சிலையைத் திறந்து வைக்க ஏற்பாடாகியிருந்தது. அன்று புயல் மழை. விழாவைக் கைவிடலாமோ என்று ஏற்பாட்டாளர்கள் தயங்கிக்கொண்டிருந்த வேளையில், மாலையில் வானம் வெளுத்தது. யாரும் கட்டளையிடாமலே நகர மக்கள் தத்தமது யன்னல்களில் மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். இன்று பல நாட்கள் நடைபெறும் லியோனின் மாபெரும் ஒளி விழா அந்த யன்னல் விளக்குகளிலிருந்து வளர்ந்ததுதான். 2015 நவம்பரில் பாரிஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களை அடுத்து லியோனின் விழா அவ்வாண்டு இரத்துச் செய்யப்பட்டது. ஆனால் யன்னல் விளக்குகள் இரத்தாகவில்லை. இறந்தவர்களின் நினைவாக வீடுதோறும் அவை ஏற்றப்பட்டன. பெரும் ஒளிப்படக்கருவிகளும் மின்சாரமும் இல்லாமற் போனாலும் விழாவின் கரு பிழைத்திருந்தது. கார்த்திகை விளக்கீட்டில் முற்றத்திலும் மதிலிலும் சுட்டி விளக்குகளை வரிசையாக ஏற்றிய எவருக்கும் இது புரியும்.

பார்ப்பவனும் பங்காளியும்

கட்டிடங்களின்மீது வண்ண விளக்கைப் பாய்ச்சினால் அது கலையாகிவிடுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது என்பதே என் பதிலும். கல்யாண வீட்டு மின்குமிழ் அலங்காரமும் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. இவ்வாறான இரவுகளில் காட்டப்படுபவற்றுள் பாதிக்கு மேல் வெறும் அலங்காரமே என்று ஒருவர் சொன்னால் நான் அவருடன் வாதிடமாட்டேன். எஞ்சியவற்றைப் பற்றித்தான் பேசவேண்டும்.

பாரிஸின் முதலாவது வெள்ளை இரவில் சோஃபி கால் என்ற பெண் கலைஞர் ஈபிள் கோபுரத்தின் உச்சியில் ஒரு படுக்கையறையை அமைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். முன்பின் அறியாதவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, அவர் உறங்கிவிடாதபடி ஒரு கதை சொல்லவேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடங்களே. நூற்றுக்கணக்கானோர் அதற்காக வரிசையில் காத்திருந்தார்கள். இதில் ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை. கலைஞர் செய்த ஒரே காரியம், பார்க்க வந்தவர்களைக் கதைசொல்லிகளாக மாற்றியதே.

அதே காலத்தில் ஜேர்மனியக் கணினி ஆர்வலர் குழு ஒன்று, பிரான்ஸின் தேசிய நூலகக் கோபுரங்களில் ஒன்றின் 520 யன்னல்களுக்குப் பின்னால் விளக்குகளைப் பொருத்தி, கட்டிடத்தையே ஒரு பெரிய கணினித் திரையாக்கியது. கீழே நின்ற சிறுவன் தனது கைத்தொலைபேசியின் பொத்தான்களை அழுத்தி நூலகக் கோபுரத்தில் விளையாட முடிந்தது. இதே குழு 2008 இல் ரொறன்ரோவுக்கு வந்தது. அங்குள்ள நகர மண்டபத்தின் வளைந்த இரட்டைக் கோபுரங்களின் 960 யன்னல்களையும் அவ்வாறே ஒளிரச் செய்தது. பகலில் வரிப்பணமும் அனுமதிப்பத்திரமும் பேசும் கட்டிடம் ஓரிரவு குடிமக்களின் கைக்கு விளையாட்டுப் பொருளானது.

ரொறன்ரோவில் இவ்விழா 2006 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் திகதி தொடங்கிற்று. அந்த முதலாவது இரவில் யப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயா, ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகச் செல்லும் நடைபாதையைச் செயற்கைப் பனிமூட்டத்தால் நிரப்பினார். மிக நுண்ணிய துளைகளினூடாக உயரழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தினால் உண்டாகும் பனிமூட்டம் அது. 1970 இல் ஒசாக்கா உலகக் கண்காட்சியில் இந்தக் கலையை அவர் தொடக்கிவைத்தார். பனிமூட்டத்துக்குள் நடப்பவருக்கு அருகில் வருபவர் யார், என்ன நிறத்தவர், எந்த மொழிக்காரர் என்பது கடைசிக் கணம்வரை தெரியாது.

2013 இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், ரொறன்ரோ நகர மண்டபத்தின் முன்னுள்ள நேத்தன் பிலிப்ஸ் சதுக்கத்தில் 3,144 துவிச்சக்கர வண்டிகளை ஒன்றோடொன்று பிணைத்து ஒரு பெரும் கூண்டைப்போல எழுப்பினார். வண்டிகள் வந்தன, கலைஞர் வரவில்லை. சீன அரசு அவரது கடவுச்சீட்டை 2011 இல் பறித்து வைத்திருந்தது. 2015 இலேதான் அது அவருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நகர முடியாத ஒரு மனிதர், நகர முடியாதபடி பிணைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வண்டிகளைத் தமக்குப் பதிலாக அனுப்பிவைத்தார். படம் பிடித்துக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் இதனை அறிந்திருந்தார்களோ தெரியாது. அறிந்தவர்களுக்கு அது அலங்காரமாகத் தோன்றியிராது. கடவுச்சீட்டு என்ற சிறு புத்தகத்தின் பெறுமதி நம்மவர்க்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

குறை கூறுவோரின் வாதங்கள்

இவ்விழாக்களுக்கு எதிரான வாதங்கள் மூன்று. அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, மின்சாரம் வீணாகிறது என்பது. 2022 இல் எரிசக்தி நெருக்கடி வந்தபோது ஈபிள் கோபுரத்தின் விளக்குகளையே வழமையைவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முன்கூட்டி அணைத்தார்கள். அதே ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு நீடித்தது. அப்படியிருக்க விளக்கு விழா எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆயினும் ஆண்டின் எல்லா இரவுகளிலும் ஆளில்லாத கடைகளின் விளம்பரப் பலகைகள் எரிகின்றன. அதை ஏன் யாரும் வீண் என்று சொல்வதில்லை? ஆண்டுக்கு ஓர் இரவு, அதுவும் மக்கள் வந்து பார்ப்பதற்காக எரியும் விளக்கு பெருங்குற்றமாகாது. தவிரவும், நான் மேலே சொன்ன நான்கு படைப்புகளில் இரண்டுக்கு மின்சாரம் அவ்வளவாகத் தேவைப்படவே இல்லை.

இரண்டாவது, இது கலையார்வலர் கூடும் இடமாக இல்லாமல் குடியும் கும்மாளமுமாகிவிடுகிறது என்பது. நள்ளிரவுக்குப் பின் தெருவில் நிற்கும் கூட்டத்தின் ஒரு பகுதி ஓவியத்துக்காக வந்ததல்ல என்பது உண்மை. விழா முடிந்த காலையில் வீதிகளைக் கூட்டிச் சுத்தம் செய்யும் மாநகரத் தொழிலாளரின் நிலையில் நின்று பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுப்பெறும். ஆனால் திருவிழா என்றால் எல்லோரும் வருவார்கள். நமது கோயில் திருவிழாக்களுக்கு வருபவர்கள் எல்லோரும் பக்தியினால்தான் வருகிறார்களா? கச்சான் கடைக்காக வருபவன், கண்ணாடி வளையலுக்காக வருபவள், வேறு யாரையோ பார்க்க வருபவன் என எல்லோரும் சேர்ந்ததுதான் திருவிழா. அவர்களுள் ஒருவன் தற்செயலாக நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது வாதமே எனக்கு முக்கியமானது. பணம் யாருடையது, பெயர் யாருடையது என்பது. ரொறன்ரோ விழா 2006 முதல் 2015 வரை ஸ்கோஷியா வங்கியின் பெயரைத் தாங்கியே நடந்தது. 2015 விழாவுடன் வங்கி தனது பெயர் அனுசரணையை முடித்துக்கொண்டது. மாநகரம் 2016 இல் விழாவைத் தன் பெயரிலேயே நடத்தியது. இதில் வங்கியைக் குறைகூறுவதற்கு எதுவுமில்லை. அது ஒரு வணிக முடிவு. வணிகர்கள் வணிக முடிவுகளையே எடுப்பார்கள். ஆனால் ஒரு நகரத்தின் பொது இரவு ஒரு வங்கியின் விளம்பரத் திட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தால், திட்டம் மாறும் நாளில் இரவும் ஆட்டங்காணும். ரொறன்ரோவில் மாநகர சபையே விழாவின் உரிமையாளராக இருந்தமையினால்தான் அது தப்பிப் பிழைத்தது. அனுசரணையை வாங்கலாம். உரிமையைக் கொடுத்துவிடக் கூடாது. விழா நடத்தும் நம்மவர் சங்கங்கள் இதனை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மேடையின் பின்திரையில் விற்பனை முகவர்களின் படங்கள் நிறைந்து, ஆடும் பிள்ளையின் பெயர் எங்கேயென்று தேடவேண்டிய நிலை நமது விழாக்களில் புதியதல்ல.

ஸ்காபரோவுக்கு வந்த இரவு

ரொறன்ரோவின் வெள்ளை இரவு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நகர மையத்திலேயே நடந்தது. நகர மையத்தில் வாழ்பவர்கள் யார், கிழக்கே ஸ்காபரோவிலும் வடமேற்கே எட்டோபிக்கோவிலும் வாழ்பவர்கள் யார் என்பது கனடாவில் வாழும் வாசகர்களுக்குத் தெரியும். ஸ்காபரோ 1998 வரை தனி மாநகராக இருந்து பின் ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது. ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய இடம். வரி எல்லோரிடமும் வாங்கப்படுகிறது. கலையோ ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் நடக்கிறது. இந்தக் குறை நீண்டகாலம் பேசப்பட்டபின், 2018 இல் முதன்முறையாக விழா ஸ்காபரோ நகர மண்டபப் பகுதிக்கு வந்தது. பெருந்தொற்றினால் தடைப்பட்டு 2022 இல் மீண்டபோது ஸ்காபரோவுடன் நோர்த் யோர்க்கும் எட்டோபிக்கோவும் சேர்ந்துகொண்டன.

ஸ்காபரோ நகர மண்டபத்தைப் பற்றி ஒரு செய்தி. 1973 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டிடத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா. யப்பானிய வம்சாவளிக் கனேடியரான அவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவனாக இருந்தபோது, சொந்த நாட்டு அரசினாலேயே குடும்பத்தோடு தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர். முகாமில் வளர்ந்த சிறுவன் பிற்காலத்தில் மக்கள் கூடுவதற்கான மண்டபத்தைக் கட்டினான். அந்த மண்டபத்தைச் சுற்றி, வேறொரு நாட்டில் முகாம்களைக் கண்ட மக்கள் வந்து குடியேறினார்கள். அந்த வாசலில் ஓர் இரவு விளக்கெரிந்து கலை நடந்ததென்றால், அது வெறும் இடமாற்றமாக எனக்குத் தோன்றவில்லை.

வேறொரு நினைவையும் மறைக்கக் கூடாது. 2009 மே 10 ஆம் திகதி மாலை, முள்ளிவாய்க்காலில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, ரொறன்ரோத் தமிழர் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அமர்ந்தார்கள். குழந்தைகளுடன் வந்த தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். போக்குவரத்து மணிக்கணக்கில் தடைப்பட்டதென்று நகரத்தின் ஒரு சாரார் சினந்தார்கள். அதே நகரம் ஆண்டுதோறும் கலைக்காகத் தனது பெருந்தெருக்களை மனமுவந்து மூடுகிறது. இரண்டையும் ஒப்பிட்டுக் கசப்பை வளர்ப்பது என் நோக்கமன்று. தெரு என்பது வாகனத்துக்கு மட்டும் சொந்தமன்று, அதில் மனிதர் நின்று ஒன்றைச் சொல்லவும் கேட்கவும் உரிமை உண்டு என்பதைத்தான் இவ்விழாக்கள் நகரங்களுக்குப் பழக்குகின்றன. அந்தப் பழக்கம் வேரூன்றிய நகரம் நாளைக்கு அழுதுகொண்டு தெருவில் இறங்கும் மக்களையும் சற்றுப் பொறுமையோடு பார்க்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

நம்மவர் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்துப் பல்லாயிரம் டொலர் செலவிடும் குடும்பங்கள், அதே நகரிலுள்ள ஓவியக் கூடத்தின் வாசலை மிதித்ததில்லை. ஒன்டாரியோ ஓவியக் கூடம் 2019 இல் 25 வயதுக்குட்பட்டோருக்கு இலவச அனுமதியை அறிமுகப்படுத்தியது. பிள்ளைகளைக் கணித வகுப்புக்கும் சங்கீத வகுப்புக்கும் ஏற்றி இறக்கும் பெற்றோரே, ஒரு மாலை அங்கேயும் வாகனத்தைத் திருப்புங்கள்.

எங்கள் இரவுகள்

இரவில் ஒளியோடு கலை பார்ப்பது தமிழருக்கு அந்நியமான வழக்கம் என்று யாரும் நினைக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தேருக்கு முதல் நாள் இரவு நடைபெறும் சப்பறத் திருவிழா வேறென்ன? நல்லூரில் 25 நாள் உற்சவத்தில் சப்பறத்தைக் காணத் திரளும் கூட்டம் உலகின் எந்த ஒளிவிழாக் கூட்டத்துக்கும் குறைந்ததல்ல. இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்து மரச்சிற்பங்கள் எந்த நூதனசாலையிலும் வைக்கத்தக்கவை. தெற்கே வெசாக் காலத்தில் கொழும்பு வீதிகளில் எழும்பும் தோரணங்கள், ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் மாறி மாறி ஒளிர ஜாதகக் கதைகளைச் சொல்கின்றன. கூடு கட்டும் இளைஞன் தான் ஒரு கலைஞன் என்பதை அறியாமலே கலைஞனாக இருக்கிறான்.

ஆனால் இவை சமயத்தின் இரவுகள். சப்பறத்துக்கு யார் தோள் கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாது என்பதில் நமது ஊர்களுக்கு ஒரு நெடிய, பெருமைப்பட முடியாத வரலாறு உண்டு. எந்தச் சாதியானாலும் எந்தச் சமயமானாலும் எந்த மொழியானாலும் உள்ளே வரலாம் என்று ஒரு நகரம் தன் பெயரால் நடத்தும் இரவு நம்மிடம் இருந்ததில்லை.

எங்களிடம் இருந்த இரவுகள் வேறு. ஊரடங்குச் சட்ட இரவுகள். 1983 ஜூலையின் இரவுகள். பொருளாதாரத் தடைக்காலத்தில், ஜாம் போத்தலுக்குள் சில துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த யாழ்ப்பாணத்து இரவுகள். பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் அனுமதிப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெறிச்சோடிய வீதிகளில் வீடு திரும்புவோம். வெளிச்சம் தெரிந்தால் அது சோதனைச்சாவடியின் வெளிச்சமாக இருக்கும். ஒரு தலைமுறைக்கு இரவு என்றால் கதவை அடைத்துக்கொள்ளும் நேரம் என்றே கற்பிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அந்தப் பாடம் மறக்கவில்லை. இருட்டியபின் பெண் ஒருத்தி தனியே துவிச்சக்கர வண்டியில் போனால் இன்றும் நம் ஊரில் கேள்வி எழுகிறது.

2022 இல் காலிமுகத்திடலில் ஒரு மாறுதலைக் கண்டோம். ஏப்ரல் 9 ஆம் திகதி அங்கு கூடிய இளைஞர்கள் கூடாரங்களில் நூலகம் அமைத்தார்கள், படம் காட்டினார்கள், ஓவியங்களைத் தொங்கவிட்டார்கள். குடும்பங்கள் பிள்ளைகளோடு இரவில் வந்து உலாவின. மே 18 ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் நடந்து கஞ்சி பரிமாறப்பட்டது. கொழும்பின் நடுவே அதுவரை நினைத்துப் பார்த்திராத காட்சி. ஜூலை 22 ஆம் திகதி விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களை அகற்றினார்கள். அந்த இரவுகளுக்கு அனுசரணையாளர் இல்லை, மாநகர சபையின் அனுமதியும் இல்லை. ஆனால் தலைநகரம் இரவிலும் மக்களுடையதாக இருக்க முடியும் என்பதை சில மாதங்கள் அவை காட்டின.

ஒரு வேண்டுகோள்

யாழ்ப்பாண மாநகர சபையிடமும், வடக்கின் பல்கலைக்கழகக் கலைத் துறைகளிடமும், வெளிநாடுகளிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் சங்கங்களிடமும் எனது வேண்டுகோள் இதுதான். ஆண்டில் ஓர் இரவு, ஒரே ஓர் இரவு, யாழ்ப்பாண நகரத்தின் பொதுக் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

அந்த இரவை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கு ஐயமில்லை. 1981 மே மாத இறுதியும் ஜூன் மாதத் தொடக்கமும் சந்தித்த அந்த நாட்களில், 97,000 க்கும் மேற்பட்ட நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது இரவிலேதான். கட்டிடம் மீண்டும் எழுந்தது. வாசகர் பகலில் வந்து போகிறார்கள். அந்த வாசலை ஓரிரவு விடியும்வரை திறந்து வைப்போம். தீயினால் வெளிச்சமான சுவர்கள் ஒருமுறை நமது பிள்ளைகள் வரைந்த படங்களால் வெளிச்சமாகட்டும். சோஃபி காலின் வழியைப் பின்பற்றி, அந்த நூலகத்தில் படித்த முதியவர்கள் வாசலில் அமர்ந்து, வருகின்ற இளையவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் தாங்கள் அங்கு வாசித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லட்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. கதிரைகளும் தேநீரும் போதும்.

செலவு வேறு விடயங்களில் இருக்கிறது. கலைஞர்களுக்கு ஊதியம் கொடுக்கவேண்டும், பொன்னாடை போதாது. சாவகச்சேரிக்கும் பருத்தித்துறைக்கும் தீவகத்துக்கும் நள்ளிரவுக்குப் பின் பேருந்து ஓடவேண்டும். இல்லையேல் அது நகரவாசிகளின் விழாவாகச் சுருங்கிவிடும். பேருந்துத் தரிப்பிடம்வரை விளக்கும், பெண் தொண்டர்களும் இருக்கவேண்டும். அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கவேண்டும். காலையில் வீதி கூட்டும் தொழிலாளருக்கு மேலதிகக் கொடுப்பனவு வழங்கப்படவேண்டும். மேடையும் மாலையும் தலைமையுரையும் வேண்டாம். அமைச்சர்கள் வந்தால் மற்றவர்களைப் போல வரிசையில் நிற்கட்டும்.

முதல் ஆண்டில் கூட்டம் வராமற் போகலாம். குறைகள் ஆயிரம் சொல்லப்படும். ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால், பார்த்தீர்களா, இதற்குத்தான் சொன்னோம் என்று மூடிவிடச் சொல்பவர்கள் முதல் வரிசையில் நிற்பார்கள். அப்போது, குத்துக்காயத்தோடு வைத்தியசாலைக்குப் போன பாரிஸ் முதல்வர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பதை யாராவது ஒருவர் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.